பாலத்துக்குக் கீழே போகிறவர்கள்

பாலம் கட்டி முடித்த வருஷம் ஆறு இடம் மாறிப் போய்விட்டது.

அமு ஆற்றுக்கு அது வழக்கம்தான். ஒரு கரையைத் தின்னும், இன்னொரு கரையில் மண்ணைக் கக்கும். தால்தி தீவில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துதான் பல வருஷம் மனுப் போட்டு, கெஞ்சி, விருந்து வைத்து, கிழக்குக் கிளையின்மேல் கான்கிரீட் பாலம் வாங்கினார்கள். கடைசித் தூணுக்கு வெள்ளையடித்த வாரம் கிழக்குக் கிளை வற்றியது. தண்ணீர் மொத்தமும் தீவுக்கு மேற்கே திரும்பி, ஊர்த்தலைவர் சர்சென்பாயின் முலாம்பழத் தோட்டத்தை வரப்போடு விழுங்கியது. இப்போது பாலத்துக்குக் கீழே மணல். மணலில் மாடு, சாணம், மழை பெய்தால் நாலைந்து தவளை.

பாலத்தின்மேல் யாரும் போகக்கூடாது. மாவட்டத் தலைவர் இன்னும் வந்து நாடா வெட்டவில்லை.

அதனால் தீவுக்காரர்கள் சந்தைக்குப் போகும்போது மூட்டையைச் சுமந்துகொண்டு மணலில் இறங்கி நடந்தார்கள். வெயில் நேரத்தில் பாலத்தின் நிழல் விழுகிற பக்கமாக ஒதுங்கி நடந்தார்கள். அதுவரை அந்தப் பாலத்தால் ஊருக்குக் கிடைத்த பயன் அந்த நிழல் ஒன்றுதான். அதற்கும் சர்சென்பாய் நன்றி சொல்லச் சொன்னார்.

தீவுக்கு எதிர்க்கரைப் பக்கத்து முனையில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. நிஜமான சிவப்பு நாடா சர்சென்பாயின் அலமாரியில் கத்தரிக்கோலோடு பூட்டி இருந்தது. வெயிலில் வெளுத்துவிடும் என்று பயம். கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் குவத். ஊரிலேயே பெரிய உடம்பும் சின்ன வேலையும் அவனுக்குத்தான். மேலே யாரும் போகாமல் பார்த்துக்கொள்வது, அதாவது எல்லாரும் கீழே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

மெதெத் தினமும் அந்தப் பாலத்தைப் பார்த்தான். நூகூஸ் நகரத்தில் கல்லூரி முடித்துவிட்டு வந்து தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் பாலம் தெரியும். முப்பது வயது ஆகவில்லை. ஊரில் அவனை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பெண்டாட்டி செத்தவன் என்றால் போதும்.

அந்தச் சாவு இப்படித்தான் நடந்தது. குளிர்காலத்தில் ஆற்றில் பனிப்பாளம் இறங்கும்போது மிதவைப் பாலத்தைக் கழற்றிக் கரையேற்றிவிடுவார்கள். பிறகு ஆறு உறையும்வரை தீவு தீவுதான். அப்படி ஒரு வாரத்தில் அவன் பெண்டாட்டி பெரிஸாத்துக்கு வயிற்றில் வலி வந்தது. காலையில் அவளைப் போர்வையில் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பனி, படகை விடாத அளவுக்குத் தடிப்பாக இருந்தது. ஆளைத் தாங்குமா என்று தெரியவில்லை. சர்சென்பாய் கரையில் நெருப்பு மூட்டச் சொன்னார். கெட்டிலில் தேநீர் கொதித்தது. ஊர் ஆம்பளைகள் குந்தி உட்கார்ந்து யோசித்தார்கள். மதியத்துக்குள் இறுகிவிடும் என்றான் ஒருவன். மதியத்துக்குள் உடைந்துவிடும், படகு போகும் என்றான் இன்னொருவன். ஒருவன் பனிமேல் கல் எறிந்து பார்த்தான். கல் நின்றது. ஆள் நிற்பானா என்று எவனும் இறங்கிப் பார்க்கவில்லை. கடைசியில் மெதெத்தும் அவன் அண்ணனும் ஒரு கதவைக் கழற்றி, அதில் அவளைப் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். பனி தாங்கியது. காலையிலேயே தாங்கியிருக்கும். அக்கரையில் அவள் அப்பா ஒராஸ்பாய் வண்டியோடு நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துவிட்டது.

அன்றைக்குக் கதவில் படுக்க வைப்பதற்கு முன்னால், அண்ணி சர்பினாஸ் ஒரு முழு ரொட்டியை அவள் வாயருகே நீட்டினாள். பயணம் போகிறவர்கள் ஒரு கடி கடித்துவிட்டுப் போகவேண்டும். மிச்சத்தை வீட்டில் மாட்டி வைப்பார்கள். திரும்பி வந்து அவர்களே தின்று முடிக்கவேண்டும். பெரிஸாத் கடித்தாள். அந்த ரொட்டி அடுப்பறைச் சுவரில் ஆணியில் இன்னும் தொங்கியது. கல்லாகிவிட்டது. பல் பதிந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

அவளை அவள் பிறந்த ஊரிலேயே புதைத்தார்கள். ஆறு நன்றாக இறுகியதும் அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு துக்க வீட்டுக்கு வந்தாள். மெதெத்தின் மகள் ஆய்ஜமால் அப்போது தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். ஒராஸ்பாய் எல்லார் முன்னாலும் ரொட்டியைக் கையில் எடுத்துச் சத்தியம் பண்ணினார்.

"என் பேத்தி அந்தத் தீவுக்கு இனிமே போனா, பாலத்து மேலதான் போவா. தண்ணி மேல, பனி மேல, மணல் மேல, எதும் மேலயும் அனுப்பமாட்டேன். பாலம் வரட்டும். அன்னிக்கு நானே கையில பிடிச்சுக் குடுக்கறேன், குறுக்க நிக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்து மெதெத்திடம் ஒரு துண்டு கொடுத்தார். அவன் தின்றான். அன்றைக்கு யார் எதை நீட்டியிருந்தாலும் தின்றிருப்பான். ஆனால் தின்றால் சம்மதம் என்று அர்த்தம், தின்றது தின்றதுதான். இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனார் வீட்டுக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தான். பாலத்தின் ஒவ்வொரு தூணும் எழும்போது மனசுக்குள் அவளை ஒரு தூண் அளவு கிட்டே கொண்டுவந்தான். இப்போது அவளுக்கு நாலு வயது, பாலமும் நின்றது. கயிறும் நின்றது.

அந்த ஐப்பசியில் ஒராஸ்பாயிடமிருந்து போன் வந்தது. "மாப்ளே, பையன் ஆக்தாவ்ல வீடு பாத்துட்டான். இங்க இருக்கறதை வித்தாச்சு. ஞாயித்துக்கிழமை கஜகஸ்தானுக்குக் கிளம்பறோம்."

"ஆய்ஜமால்?"

"வெள்ளிக்கிழமை பாலம் திறக்கறதாச் சொல்றாங்களே. திறந்தா உன்கிட்ட. திறக்கலேன்னா எங்ககூட. நான் ரொட்டியைப் பிடிச்சவன்."

பிடுங்கிக்கொண்டு வருவது மெதெத்துக்கு முடியாத காரியமில்லை. மணல்தானே, ஒரு ஓட்டம். ஆனால் கதறக் கதறப் பிடுங்கி வந்த குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆக்தாவ் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. இதுவரை வராத ஒரு ஆள் ஒரு கத்தரிக்கோலைத் தூக்கவேண்டும். அதில் தொங்கியது அவன் மகள் கணக்கு.

புதன்கிழமை சாயங்காலம் சர்சென்பாய் மெதெத்தின் வீட்டுக்கு வந்தார். கூடவே மம்பெத். மம்பெத் ஆறு பையன்களுக்கு அப்பா. பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள். இருக்கிறாள் என்பது தெருமுனைவரை கேட்கும். அண்ணி தேநீர் ஊற்றினாள். அண்ணன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்ததால் வீட்டில் பேசுகிற வேலையும் அவளுடையதுதான்.

"தம்பி, வெள்ளிக்கிழமை உறுதி," என்றார் சர்சென்பாய்.

"போன தடவையும் உறுதின்னீங்க."

"போன தடவை அவருக்குப் பல்வலி."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி பல்லு நல்லா இருந்துச்சு, நேரம்தான் இல்ல." தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் வந்தது வேற விஷயம். தப்பா எடுத்துக்காதே. புதுப் பாலம். முதல் கால் யாரோடதுங்கறது இருக்குல்ல. மம்பெத் முதல்ல நடப்பான். அப்புறம் வீட்டுல பொண்டாட்டி இருக்கறவங்க. அப்புறம் கல்யாணம் ஆகாத பசங்க."

"அப்புறம் ஆடு மாடு," என்றான் மெதெத்.

"பாத்தியா, நீ படிச்சவன், சொல்லாமயே புரிஞ்சுக்கறே. எல்லாம் நடந்த பிறகு நீ நிதானமா வா. அந்தக் குழந்தையையும் அப்பவே கூட்டிட்டு வா. தாயில்லாப் பிள்ளை முதல்ல கால் வெச்சா பாலத்துக்கு நல்லதில்ல."

அண்ணி கெட்டிலைத் தட்டென்று வைத்தாள். "தலைவரே, ஒரு சந்தேகம். மம்பெத் அண்ணன் புது டிராக்டர்ல ஏறின அன்னிக்கே அது கால்வாய்க்குள்ள போச்சே. அந்தக் காலா, வேற கால் வெச்சிருக்காரா?"

"அது டிராக்டரோட ராசி," என்றான் மம்பெத். அவன் முகத்தில் ஒரு கௌரவம் இருந்தது. மூன்று நாளாகவே அவன் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தான்.

"ஆத்துக்குப் பாலம் கட்டினா ஆறே ஓடிப்போச்சு," என்றாள் அண்ணி. "இதுக்கு மேல என்ன கெட்டுப்போகப் போகுதுன்னு காலுக்குக் காவல் போடறீங்க?"

 இவர்களோடு சண்டை போடவேண்டும் என்றுகூட மெதெத்துக்குத் தோன்றவில்லை. அதற்கும் எதிராளிமேல் கொஞ்சம் மரியாதை வேண்டும்.

வெள்ளிக்கிழமை தீவு முழுக்கக் காலையிலேயே குளித்தது. நாடா வெட்டுகிற இடம் கரைப் பக்கத்து முனையில். அங்கே போவதற்குப் பாலத்தின்மேல் போகக்கூடாது. ஆகையால் பாலம் திறப்பதைப் பார்ப்பதற்கு ஊரே பாலத்துக்குக் கீழே மணலில் நடந்து போனது. பெண்கள் புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆண்கள் விசேஷ நாளுக்கான ரோமத் தொப்பி வைத்திருந்தார்கள். வெயிலில் நெற்றியில் வேர்வை வழிந்தது. நீளக் கொம்பு ஊதுகிறவர்கள் இரண்டு பேர், கொம்பின் வாயில் மணல் போகாமல் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். திறந்த பிறகு எல்லாரும் மேலே நடந்து வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும். அதுதான் விழா.

மம்பெத் வெள்ளைச் சட்டை போட்டு, யாரும் தொடாமல் தள்ளி நின்றான்.

கரையில் ஆடு அறுத்து, பெரிய கொப்பரையில் புலவு வெந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒராஸ்பாயின் வெள்ளை டமாஸ் வேன் நின்றது. அதன் திறந்த கதவில் உட்கார்ந்து ஆய்ஜமால் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பை நிறைய மிட்டாய், பயணத்துக்குப் பாட்டி வாங்கியது. மெதெத்தைப் பார்த்ததும் காலை நீட்டினாள்.

"அப்பா, என் செருப்பு புதுசு."

"பார்த்தேன்."

"வெளிச்சம் வரும்." தரையில் ஒரு மிதி மிதித்தாள். குதிகாலில் சிவப்பாக மின்னியது.

மாமியார் அய்சுலு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். மெதெத் பக்கம் திரும்பவில்லை. அவள் கண் பாதையில் இருந்தது. ஊர் முழுக்க மாவட்டத் தலைவர் வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒருத்திதான் வரக்கூடாது என்று பார்த்தாள். மெதெத்துக்கு அது தெரியும். அந்த இடத்தில் அவன் மதித்த ஒரே பார்வை அதுதான்.

புலவு வெந்து, தம் போட்டு, திறக்கவும் ஆயிற்று. சர்சென்பாயின் போன் அடித்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று பேசினார். "ஆமாங்க. சரிங்க. அது உங்க இஷ்டம்ங்க. பரவாயில்லீங்க, நாங்க இருக்கோம்ங்க." வைத்ததும் ஊரைப் பார்த்தார்.

"அடுத்த வாரம்," என்றார். "முக்கியமான கூட்டம் வந்துடுச்சாம். நம்மளை மறக்கலை, பேரைச் சொல்லிக் கேட்டாரு."

"யார் பேரை?" என்றது ஒரு குரல்.

"ஊர் பேரை."

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. உட்கார்ந்து புலவு தின்றார்கள். கொம்பு ஊதுகிறவர்கள், சும்மா திரும்பிப் போகவேண்டாமே என்று ஒரு தடவை ஊதினார்கள். ஒருவன் முகத்திலும் கோபம் இல்லை. பெரிஸாத் செத்த அன்றைக்கும் இதே முகங்கள்தான், இதே குந்தல்தான், நெருப்பைச் சுற்றி. மெதெத் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பார்க்க ஒன்றும் இல்லை.

அவன் வண்டியிடம் போனான்.

"மாமா. ஞாயித்துக்கிழமைதானே?"

"ஞாயித்துக்கிழமை காலையில." ஒராஸ்பாய் கையைத் துடைத்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நான் என்ன பண்ணட்டும் மாப்ளே. உனக்காகத்தான் இன்னிவரைக்கும் பயணத்தைத் தள்ளிப் போட்டேன்."

"பாலத்து மேல கூட்டிட்டுப் போனா குடுப்பீங்கதானே?"

"இப்பவே குடுப்பேன். கையில பிடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். ஆனா கயிறு இருக்கே."

"கயிறு என் பாடு."

 ஒராஸ்பாய் வண்டிக்குள் குனிந்தார். "அய்சுலு, எழுந்திரு."

"நாடா வெட்டலை," என்றாள் அவள்.

"நாடாவைப் பிடிச்சா சத்தியம் பண்ணினேன்? ரொட்டியைப் பிடிச்சேன். எழுந்திரு."

அய்சுலு எழுந்தாள். அழவில்லை. பயண மூட்டையை அவிழ்த்து ஒரு ரொட்டியை எடுத்து ஆய்ஜமாலின் வாயருகே நீட்டினாள். "கடி கண்ணு. பெருசாக் கடி." குழந்தை கடித்தது. மிச்சத்தை அவள் துணியில் சுற்றினாள். "இதை ஆக்தாவ்ல மாட்டி வைப்பேன். வந்து தின்னுட்டுப் போகட்டும்," என்றாள், மருமகனைப் பார்த்து அன்றைக்கு முதல்முறையாக. "நீ கூட்டிட்டு வரணும்."

"வருவேன் அத்தை."

ஒராஸ்பாய் குழந்தையின் கையைப் பிடித்து அவன் கையில் வைத்தார்.

பாலத்து முனையில் குவத் கொழுப்பு ஒட்டிய விரலை நக்கிக்கொண்டிருந்தான். மெதெத் வருவதைப் பார்த்ததும் தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து, ஒரு பக்கம் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முடிச்சைவிடத் தன் கையில் அவனுக்கு நம்பிக்கை.

அவன் கயிறு பிடித்து நிற்பதை மெதெத் முன்னாலும் பார்த்திருக்கிறான். கல்யாண வண்டி வந்தால் அந்தப் பக்கத்தில் எல்லா ஊரிலும் பாதையின் குறுக்கே கயிறு பிடிப்பார்கள். பெண் ஏதாவது கொடுக்கவேண்டும், கைக்குட்டையோ, மிட்டாயோ. கொடுத்ததும் கயிறு கீழே இறங்கவேண்டும். வாங்கிக்கொண்டு இறக்காதவன் வீட்டுக்குப் பிறகு எவனும் பெண் தரமாட்டான். மெதெத் பெரிஸாத்தை அழைத்து வந்த அன்று, மிதவைப் பாலத்தின்மேல் குறுக்கே நின்றவன் இந்தக் குவத்தான். அவள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை ஒன்றை நீட்டினாள். நீலப் பூப்போட்டது. அதை அவன் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் திரிந்தான்.

"மெதெத், மேல விடமாட்டேன். தெரியும்ல," என்றான் குவத்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

மெதெத் குழந்தைக்கு நேராகக் குனிந்தான். "ஆய்ஜமால், இந்த மாமா குறுக்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. என்ன செய்யணும்?"

அவள் அம்மா வழி உறவில் நிறையக் கல்யாணம் பார்த்தவள். யோசிக்கவே இல்லை. பைக்குள் கையை விட்டு, இருப்பதில் பெரிய மிட்டாயைத் தேடி எடுத்து, கயிற்றுக்கு மேலாகக் கையை உயர்த்தி நீட்டினாள்.

குவத்தின் கை தானாக வந்தது. வாங்கினான். புலவுக்குப் பிறகு இனிப்பு. தாளைப் பிரித்து வாயில் போட்டான். போட்ட பிறகுதான் அவன் முகம் மாறியது.

அதற்குள் சர்சென்பாய் பார்த்துவிட்டார். தட்டோடு எழுந்து ஓடிவந்தார். பின்னாலேயே மம்பெத்தும் ஊரும்.

"குவத், விடாதே."

"தலைவரே, வாங்கிட்டேன்."

"துப்புடா அதை."

"கடிச்சிட்டேன்."

"இது கல்யாணமா? அரசாங்கக் கயிறுடா இது."

"கயிறு கயிறுதானே தலைவரே." குவத்துக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. "எனக்கு மூணு பசங்க. வாங்கித் தின்னுட்டுக் கயித்தை இறக்கலேன்னு பேரு வந்தா எவன் பொண்ணு தருவான்? நீங்க தருவீங்களா, உங்க பொண்ணை?"

சர்சென்பாய்க்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள்.  கூட்டத்தில் பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. அவன் சொல்வது சரிதான் என்றார்கள். மெதெத் சட்டம் பேசியிருந்தால், பெற்றவன் உரிமை பேசியிருந்தால், செத்தவளைப் பற்றிப் பேசியிருந்தால், ஒருத்தியும் வாய் திறந்திருக்கமாட்டாள். ஒரு மிட்டாய் போதுமாக இருந்தது இவர்களுக்கு.

கயிறு இறங்கியது.

"முதல் கால் நான்தானே," என்றான் மம்பெத். "குளிச்சுட்டு வந்திருக்கேன்."

"அப்ப போயேன் அண்ணே," என்றாள் சர்பினாஸ். "வழி திறந்துதானே கிடக்கு. போ, உன் ராசியான காலை எடுத்து வை."

மம்பெத் பாலத்தைப் பார்த்தான். சர்சென்பாயைப் பார்த்தான். "நாடா வெட்டாம எப்படிப் போறது?" என்றான்.

"உன்னையும் பொண்டாட்டி இருக்கறவன்னு சொல்றாங்க," என்றாள் அவள்.

ஆய்ஜமால் மெதெத்தின் கையை உதறிவிட்டுக் கயிற்றைத் தாண்டினாள். புதுச் செருப்பு சிவப்பாக மின்னியது. அவன் பின்னால் போனான். யாரும் தொடரவில்லை. கயிறு தரையில் கிடந்தது. குழந்தைகூடத் தாண்டிய கயிறு. அதற்கு அந்தப் பக்கம் ஊரே நின்றுகொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கீழே சத்தம் கேட்டது. மெதெத் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தான். விழா முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகவேண்டும். ஊர் மணலில் இறங்கி நடந்துகொண்டிருந்தது. கையில் செருப்பு, தலையில் ரோமத் தொப்பி, துணி சுற்றிய கொம்பு. நாலு பேர் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு தடுமாறினார்கள். மேலே காலியாக ஒரு பாலம் முழுசாகக் கிடந்தது. நிழல் பக்கமாக ஒதுங்கி நடந்தார்கள்.

"மெதெத், மேல காத்து எப்படி?" என்று எவனோ கத்தினான். சிலர் சிரித்தார்கள்.

ஆய்ஜமால் ஒரு மிட்டாயைத் தின்று தாளைச் சுவருக்கு மேலே விட்டாள். அது சுழன்று சுழன்று இறங்கி, சர்சென்பாயின் தொப்பியில் ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அப்படியே தீவுவரை போனார்.

அடுத்து நடந்ததைச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. முதல் காலின் தோஷம் கழிய ஊரில் இன்னொரு ஆடு அறுத்தார்கள். மெதெத்தோடு ஒரு மாதம் யாரும் பேசவில்லை. அவனுக்கு அது வசதியாக இருந்தது. மாவட்டத் தலைவர் குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள் வந்து, வண்டி என்ஜினை நிறுத்தாமலேயே நாடா வெட்டிவிட்டுப் போனார். மம்பெத் நடந்தான். போட்டோ எடுத்தார்கள். மறுநாளிலிருந்து ஊர் பாலத்தின்மேல் போனது. கீழே போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்தது.

கோடையில் மலைப்பனி உருகி ஆறு வீங்கியது. வழக்கம்போல் கரையைத் தின்று, வழக்கம்போல் மனசு மாறி, கிழக்குக் கிளைக்குத் திரும்பி வந்தது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் தூண்களைச் சுற்றிச் சேற்று நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. மேற்கே சர்சென்பாயின் தோட்டம் மணலாக வெளியே வந்தது.

அவர் இரண்டாம் நாள் மெதெத்தின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி மிட்டாய். அண்ணி தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தை வழக்கத்துக்கு மாறாக விளிம்புவரை நிரப்பினாள். சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவர் கவனிக்காத மாதிரி உட்கார்ந்தார்.

"தம்பி, ஊரெல்லாம் ஒரே பேச்சு. பாப்பா கால் வெச்சா, ஆறு திரும்பி வந்துடுச்சுன்னு."

"மம்பெத் கால்தானே முதல் கால். போட்டோ இருக்கே."

"போட்டோ கிடக்கு. பார்த்தவங்களுக்குத் தெரியாதா? பாப்பாதான் முன்னாடி போச்சு, நீ பின்னாடிதான் போனே. நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு." கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "நான் பாலத்துக்கிட்ட ஒரு கடை போடறேன். வியாழக்கிழமை திறப்பு. பாப்பா வந்து முதல்ல ஒரு கால் வெச்சுட்டுப் போனா..."

முற்றத்தில் ஆய்ஜமால் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். செருப்பில் வெளிச்சம் எப்போதோ போய்விட்டது.

"தாயில்லாப் பிள்ளை," என்றான் மெதெத். "கடைக்கு நல்லதில்ல."

சர்சென்பாய் சிரித்தார். யாரோ வேறு யாரையோ சொன்னதுபோல் சிரித்தார். வெட்கம் என்ற ஒன்றை இவர்களுக்கு யாரும் கடன்கூடக் கொடுத்ததில்லை. எழுந்தவர் அடுப்பறைச் சுவரைப் பார்த்து நின்றார்.

"இதென்ன, இன்னுமா இந்த ரொட்டியை மாட்டி வெச்சிருக்கீங்க? அவ போய் எத்தனை வருஷமாச்சு. இதெல்லாம் சும்மா பழைய நம்பிக்கை தம்பி. நீ படிச்சவன். கழட்டி மாட்டுக்குப் போடு."

மெதெத் கதவைத் திறந்து பிடித்தான்.

"வீட்டுக்குப் போங்க தலைவரே," என்றான். "பாலத்து மேல தண்ணி வர்றதுக்குள்ள."

"மேலயா? மேல எப்படி வரும்?" சர்சென்பாய் நிஜமாகவே பயந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

ஆய்ஜமால் உள்ளே ஓடிவந்து மிட்டாய்ப் பெட்டியைப் பிரித்தாள். பிறகு அவள் கண்ணும் சுவருக்குப் போனது.

"அப்பா, அந்த ரொட்டியை யாரு கடிச்சா?"

"அம்மா."

"மிச்சத்தை யாரு திம்பாங்க?"

"அது இருக்கட்டும்," என்றான் மெதெத்.